உப்புப் போட்ட சோளத்தட்டு

ஹைதராபாத்தில் வாரம் தவறாமல் என்னிடம் பாலைப் பற்றி விசாரித்த ஒரே மனிதர் மஹபூப் பாய். ஆராய்ச்சிக்கூடத்தின் பின்வாசலில் மாட்டுவண்டியை நிறுத்தி, சோளத்தட்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டே, "தூத் ஆயா க்யா, பேட்டி?" என்பார். பால் வந்ததா மகளே என்று அர்த்தம். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன், இந்த நகரத்தில் கிண்டலைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். அரசாங்க ஆராய்ச்சி எங்கே உருப்படப் போகிறது என்று குத்திக்காட்டுகிறார் என நினைத்தேன். "அபீ நை, பாய்" என்று நானும் சிரிப்பேன். இன்னும் இல்லை. அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

பெட்ரோல் விலை எல்லோரையும் மிரட்டிய காலம் அது. தட்டு, வைக்கோல், கரும்புச் சக்கை என்று வயலில் மிஞ்சுகிற எதிலிருந்தும் எரிபொருள் எடுத்துவிடலாம் என்று நம்பினோம். தட்டை நறுக்கி நீர்த்த அமிலத்தில் வேகவைத்தால், நாருக்குள் பூட்டிக் கிடக்கும் சர்க்கரை கரைந்து வரும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, சாற்றைக் காய்ச்சி வற்றவைத்து ஈஸ்ட் சேர்த்தால், அது நுரைத்து எரிசாராயமாக வேண்டும். எங்களுக்கு நுரைக்கவே இல்லை. ஒரு மாதமாக ஈஸ்ட் அசையாமல் கிடந்தது. "மார்ச் ரிவ்யூதான், அம்மாயி. தர்வாத்த நா சேத்துல்லோ லேது" என்று பிரிவுத் தலைவர் ராவ் கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு என் கையில் இல்லை, பெண்ணே என்று அர்த்தம். என் தற்காலிக வேலை அந்தத் திட்டத்தோடு கட்டப்பட்டது. திட்டத்தை மூடினால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெட்டியைக் கட்டினால் காங்கேயம் பக்கம், எருமைகளிடம். எங்கள் வீட்டில் ஆறு எருமைகள். விடிகாலையில் தட்டு வெட்டிப் போட்டு, சாணம் வழித்துவிட்டுத்தான் காலேஜுக்கு பஸ் ஏறுவேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஹைதராபாத்தில் மாட்டைப் பற்றி நான் வாயே திறக்காததற்கு அதுதான் காரணம். சோளத்தட்டைக்கூட லிக்னோசெல்லுலோஸ் என்றுதான் சொல்வேன். கழுவினால் தண்டில் மிச்சமிருக்கும் இனிப்பும் போய்விடும், கழுவாமலே போடலாம் என்று பெரிய மேதாவியாக முடிவெடுத்ததும் நான்தான்.

ஒரு வாரம் வண்டி வரவில்லை. லாலாகுடாவில் நான் தங்கியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் மஹபூப் பாயின் தட்டுப்போர். தேடிப் போனேன். வாளியில் வேப்பங்கொத்தை முக்கி முக்கி, போரின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. அம்மாவும் இதையேதான் செய்வாள். ஒரு துண்டை ஒடித்து மென்றேன். உப்புக் கரித்தது. உப்புப் போட்ட தட்டை மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடக் கறக்கும்.

"கைக்கு, பாய்?" ஏன் இப்படி?

"நமக் ஜ்யாதா டாலா, பேட்டி. தூத் நை ஆரா போலே நா தும்."

பால் வரவில்லை என்று நீதானே சொன்னாய், அதனால் உப்பைக் கூட்டினேன் என்கிறார். வண்டி வண்டியாகத் தட்டு வாங்குகிறவர்கள் வேறு எதற்கு வாங்குவார்கள்? மதில்சுவருக்குப் பின்னால் பெரிய மாட்டுப் பண்ணை இருப்பதாகவே நினைத்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே "இன்னும் இல்லை" என்றபோதெல்லாம், அந்த வாயில்லா ஜீவன்களுக்காக இரக்கப்பட்டு ஒரு கை கூடுதலாகப் போட்டிருக்கிறார். நாங்கள் சாற்றை வற்றவைக்க வற்றவைக்க உப்பும் சேர்ந்து ஏறி, ஈஸ்டை முடக்கிப்போட்டிருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆறு எருமை வளர்த்த வீட்டுப் பெண், ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

"நமக் நக்கோ, பாய்." உப்பு வேண்டாம். அங்கே எருமை ஒன்றுகூட இல்லை, தட்டைத் தின்பது இயந்திரம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விளக்கினேன். மனிதரின் முகம் தொங்கிப்போயிற்று. தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். "மேரே காவ் மே ஹை, பாய். சே பைஸ்." என் ஊரில் இருக்கின்றன, ஆறு எருமைகள். இந்த நகரத்தில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"ஹவ்?" என்றார், கண்களை அகல விரித்து. அப்படியா?

மறுநாள் ராவிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உப்பு, கழுவாமல் விட்ட என் தவறு, எருமைகள் உட்பட. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "முந்தே செப்பாலி கதா, அம்மாயி" என்றார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. திட்டுவார் என்று நினைத்துப் போன எனக்கு அழுகை வந்துவிட்டது.

உப்பில்லாத தட்டு நுரைத்தது. ரிவ்யூவுக்கு வந்தவர்கள் முன்னால் பீங்கான் கிண்ணத்தில் எங்கள் எரிசாராயம் நீலமாக எரிந்தது. திட்டம் பிழைத்தது, நானும் இங்கேயே தங்கிவிட்டேன். ஏழு வருடமாகிறது.

உப்பில்லாத முதல் வண்டி வந்த அன்று, பாரத்தின் உச்சியில் ஒரு சின்னக் கட்டு தனியாகச் சிவப்புத் துணியில் கட்டியிருந்தது. தண்டுகளில் உப்பு பூத்திருந்தது. "யே தும்ஹாரே காவ் கே பைஸாங் கு" என்று என் கையில் கொடுத்தார் மஹபூப் பாய். உன் ஊர் எருமைகளுக்கு. காங்கேயம் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்தக் கட்டு இன்னும் எங்கள் ஸ்டோர் ரூமில், தூசி படிந்து கிடக்கிறது. சீட்டு ஒட்டாமல் அங்கே எதையும் வைக்கக் கூடாது. நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: சோளத்தட்டு, உப்புப் போட்டது. ஆய்வுக்கு அல்ல. ஆறு எருமைகளுக்கு.