மைக்செட்டம்மா அச்சடித்த மனு

மீன் மார்க்கெட்டில் அவளுக்கு மைக்செட்டம்மா என்று பேர். இத்தனைக்கும் அவள் வாழ்நாளில் ஒரு மைக்கைத் தொட்டதில்லை, தொடவேண்டிய அவசியமும் வரவில்லை. ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிகளின் ஹாரன், யாராவது ரெண்டு பேரின் சண்டை, எல்லாவற்றையும் தாண்டி அவள் குரல் கூடத்தின் கடைசித் தூண்வரை போய் இடிக்கும். புருஷன் போனபிறகு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏலம் கூவ வந்தவள் அவள். "பொம்பளை கூவினா எவன் கேப்பான்?" என்று சிரித்த வியாபாரிகளே கொஞ்ச நாளில் அவள் மேடைக்கு முன்னால் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். இடுப்பில் இருந்த குழந்தை படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கொண்டது.

ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் மூன்று தரம் சொன்னால்தான் கணக்கு. ஒரு தரம் சொன்னால் சும்மா, ரெண்டு தரம் சொன்னால் யோசிக்க நேரம், மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கூடை கை மாறியது மாறியதுதான். இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பிடு, சாப்பிடு, சாப்பிடு" என்பாள். "கதவைச் சாத்து" என்பதையும் மூன்று முறை சொன்னால்தான் அவளுக்குக் கதவு சாத்தின மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. அதுகூடப் பரவாயில்லை. நாக்கு குழறியது! மைக்செட்டம்மாவின் நாக்கு! கண்ணாடி முன்னால் உட்கார்ந்து "ஆ, ஈ, ஊ" சொல்லச் சொன்னார் டாக்டர். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாக்கைத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு டப்பா. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகன் வாங்கி வைத்த, வாயால் சொன்னால் வேலை செய்கிற உருண்டை டப்பா. மருமகள் அதற்கு 'தோழி' என்று பேர் வைத்தாள். "தோழி, பாட்டுப் போடு" என்று இவள் குழற, அது தேன் ஒழுக, "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனையோ வியாபாரிகளை ஒரே அதட்டில் அடக்கியவள், ஒரு டப்பாவிடம் தோற்பதா? விடிந்தால் எழுந்து அதோடு மல்லுக்கு நின்றாள். திட்டினாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருநாள் அது ஒரே தடவையில் பாட்டைப் போட்டது. "அப்படி வா வழிக்கு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

நாக்கு வந்துவிட்டது. அப்புறம் யாரைக் கேட்கவேண்டும்? ஒருநாள் காலையில் ஊன்றுகோலோடு ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போனாள்.

அவள் மேடையில் வேறு ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். ஏலச் சங்கச் செயலாளரின் மச்சான். குரலா அது? தொண்டையில் முள் சிக்கினவன்கூட அதைவிட நன்றாகக் கூவுவான்.

நேரே சங்க ஆபீசுக்குப் போனாள். செயலாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க பையனே போன் பண்ணிச் சொல்லிட்டாரே, அம்மா இனிமே வரமாட்டாங்கன்னு. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டத்துல மேடையை மச்சான் பேருக்கு மாத்திடறோம்."

பெற்ற பிள்ளையா? ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "மேடை என்னோடது. என்னைக் கேக்காம யாருக்கும் தரமுடியாது" என்றாள்.

"ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுங்க. கூட்டம் முடியறதுக்குள்ள. வாயால சொல்றதெல்லாம் செல்லாது." சொல்லிக்கொண்டே அந்த ஆள் தொங்கிக் கிடந்த அவள் வலது கையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவன் செய்த தப்பு.

வீட்டுக்கு வந்தாள். மகன் தன் அறையைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். அவனிடம் எழுதித் தரச்சொல்லிக் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். ஆனால் சமையலறையில் நின்றபடியே மருமகள், "தோழி, இதை எழுதிக்கோ" என்று தன் ஆபீஸ் காகிதங்களைச் சொல்லிச் சொல்லி அச்சடிப்பதை இவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

"தோழி, எழுதிக்கோ" என்று ஆரம்பித்தாள். "ஏலச் சங்கத்துக்கு. என் கைதான் விழுந்தது, நாக்கு விழலை. ஏலம் கூவ நாக்குதான் வேணும். விலைச் சீட்டு எழுத நான் ஆள் வெச்சுக்கறேன். என் மகன் சொன்னது என் பேச்சு இல்லை. என் மேடையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்." அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட, "தண்ணி கேனா? அங்கயே வெச்சிட்டுப் போப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலைல நான் என் மேடையில நிப்பேன்" என்று முடித்தாள்.

பிறகு வழக்கம்போல, "தோழி, பிரிண்ட் போடு! தோழி, பிரிண்ட் போடு! தோழி, பிரிண்ட் போடு!"

"சரி, அச்சிடுகிறேன்" என்றது அது. மூன்று முறை.

பிரிண்டர் இருந்தது மகனின் அறையில். சாத்திய கதவுக்குப் பின்னால் அது கடமுடவென்று ஆரம்பித்து நின்றது, மறுபடி ஆரம்பித்தது, மறுபடியும் ஆரம்பித்தது. கதவு திறந்தது. மகன் கையில் மூன்று தாள்களோடு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்னம்மா?"

"தெரியலை? படிச்சவன்தானே நீ?"

"உனக்காகத்தாம்மா சொன்னேன். இத்தனை வருஷம் ஐஸ்லயும் தண்ணியிலயும் நின்னது போதாதா? விழுந்து கிழுந்து வெச்சா?"

"விழுந்தா எந்திரிப்பேன். எந்திரிக்க முடியலைன்னா கிடந்துக்கிட்டே கூவுவேன். எனக்கு எது போதும்னு நான் சொல்லணும். நீ யாருடா சொல்றதுக்கு? உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டுக் கூவினப்போ உன்கிட்ட அனுமதி கேட்டேனா?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்த தண்ணீர்தான், ஆனாலும் தண்ணீர். "என் முதுகுக்குப் பின்னால போய்ச் சொல்லிட்டியேடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தாள்களைப் புரட்டி, "நடுவுல தண்ணி கேனெல்லாம் வந்திருக்கு. ஒரே தாளு மூணு வந்திருக்கு" என்று முனகினான்.

"இருக்கட்டும். நேரமில்லை." இடது கையால் தாள்களை வாங்கி இடுப்பில் செருகினாள். "நீ வரவேண்டாம்."

சாயங்காலம் சங்க ஆபீஸ் வாசலில் வியாபாரிகள் கூடி நின்றார்கள். அவளைப் பார்த்ததும், "அக்கா வந்தாச்சு!" என்று வழி விட்டார்கள். உள்ளே போய் மேசைமேல் ஒரு தாளை வைத்தாள்.

செயலாளர் எடுத்துப் பார்த்தான். "யாரோ அடிச்சுக் குடுத்திருக்காங்க. இது உங்க வார்த்தைன்னு நான் எப்படி நம்பறது?" என்று கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். போட்டுவிட்டு மச்சானைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"ஒரு தரம்" என்றாள் மைக்செட்டம்மா.

இடுப்பிலிருந்து அடுத்த தாளை உருவி அவன் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே பிடிச்சுக்கிட்டுப் பாருங்க. நான் பாக்காமச் சொல்றேன். ஒரு வார்த்தை மாறினா இப்படியே திரும்பிப் போறேன், மேடையை உங்க மச்சானுக்கே குடுத்துடுங்க."

வெளியே சத்தம் அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஏலக் குரலை எடுத்துக் கூவினாள். கை விழுந்ததும் நாக்கு விழாததும், சீட்டு எழுத ஆள் வைத்துக்கொள்வதும், மகன் சொன்னது தன் பேச்சு இல்லை என்பதும் வரி வரியாக வந்து விழுந்தன. "என் மேடையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்!" என்றவள் நிறுத்தாமல், அதே தொண்டையில், "தண்ணி கேனா? அங்கயே வெச்சிட்டுப் போப்பா!" என்று கூவினாள்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. செயலாளரின் தோள்வழியே தாளை எட்டிப் பார்த்த வியாபாரி ஒருத்தர், "அய்யய்யோ, அதுவும் இதுல இருக்கு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸே குலுங்கியது. காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறவன் எவனாவது மனுவில் தண்ணீர் கேனைக் கொண்டு வருவானா? "அக்கா வார்த்தைதான்யா! வாங்கிக்க!" என்று வாசலிலிருந்து குரல்கள் எழுந்தன.

"நாளைக்குக் காலைல நான் என் மேடையில நிப்பேன்" என்று முடித்துக் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு தரம்."

மேசையில் இருந்த மைப்பெட்டியைத் தானே இழுத்து, இடது கட்டைவிரலை அழுத்தி, அவன் கையில் இருந்த தாளில் பதித்தாள். பிறகு மூன்றாவது தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இது எனக்கு. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு முத்திரை."

செயலாளர் மச்சானைப் பார்த்தான். மச்சான் தன் செருப்பைப் பார்த்தான். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தபிறகு, செயலாளர் இழுப்பறையைத் திறந்து சங்கத்தின் முத்திரையை எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தாளின்மேல் வைத்து அழுத்தினான்.

அவள் வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கம்மலாக வந்தது.

"மூணு தரம்."

ஆபீஸ் சட்டையை மாற்றாமல், மீன் தண்ணீரில் பேண்ட் நனைய, கடைசியில் நின்றுகொண்டிருந்தான் மகன். அவள் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. முத்திரைத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, அவன் பக்கம் வந்ததும்தான் நின்றாள்.

"சத்தம் பத்தலைடா. கடைசித் தூண்வரைக்கும் கேக்கணும்."