கை பார்த்தாச்சா?

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்பவர்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. எனக்கு வந்தது பட்டப்பகலில், ஆபீஸ் அறையில், தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களின் ஃபைல்கள் என் பொறுப்பு. யார் எப்போது சேர்ந்தார்கள், உடல் பரிசோதனை முடிந்ததா, எல்லாம் என்னிடம் இருக்கும். என் மாமியாரும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார். இடுப்பு எலும்பு உடைந்து படுத்த படுக்கை. ஊழியரின் குடும்பம் என்பதால் பாதிக் கட்டணம். எனக்கும் அத்தைக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் போன பிறகு அவருக்கு நான், எனக்கு அவர். வேறு நாதி கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை ஊழியர்கள் எல்லோருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஊசி போட்டார்கள். எனக்கும்தான். முழங்கைக்குக் கீழே தோலில் ஒரு சின்ன ஊசி. நர்ஸ் அதைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போடுவார். இரண்டு மூன்று நாள் கழித்து வட்டத்துக்குள் தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து ஸ்கேலால் அளக்க வேண்டும். தடித்திருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது முடியும்வரை பெரியவர்கள் பக்கமே போகக் கூடாது.

இதற்கு எங்கள் இல்லத்தில் 'கை பார்ப்பது' என்று பெயர். "என் கையைப் பார்த்து, ரெண்டாவது கல்யாணம் உண்டான்னு சொல்லுங்க" என்று சமையல்காரர் வருஷா வருஷம் அதே ஜோக்கை அடிப்பார். நாங்களும் வருஷா வருஷம் சிரித்துவைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை கை பார்க்க வேண்டும். நர்ஸ் வரவில்லை. மகனுக்குக் காய்ச்சல். மறுநாள் காலை அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். மேனேஜர் ஃபைல்களை அடுக்கோடு கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"எல்லாத்துலயும் 'தடிப்பு இல்லை'ன்னு எழுதிடுங்க."

"கையைப் பார்க்காம எப்படி சார் எழுதறது?"

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க. எழுதுங்கம்மா." கதவு வரை போனவர் திரும்பினார். "உங்க மாமியார் இங்க எந்தச் சலுகையில இருக்காங்கன்னு ஞாபகம் இருக்கட்டும்."

எனக்குக் காது வரை சுட்டது. இந்த ஊழியர்களின் கைகள்தான் அத்தைக்குச் சோறு ஊட்டுகின்றன, புரட்டிப் போடுகின்றன, முகம் துடைக்கின்றன. பார்க்காமல் எழுதினால் அத்தைக்கு ஆபத்து. எழுதாவிட்டால் அத்தைக்குப் படுக்கை இல்லை. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன்.

மணி இரண்டு பத்து. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் எல்லோரும் தூங்கும் நேரம். இல்லமே அடங்கிக் கிடந்தது. எனக்கு இருமல் வந்தது. ஃபைல் தூசி ஒத்துக்கொள்ளாமல் கொஞ்ச நாளாகவே அப்படித்தான். முழுக்கைச் சட்டைக்குள் எங்கோ அரித்தது. கொசுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"கை பார்க்கணும்..."

நிமிர்ந்தேன். மேஜைக்கு எதிரே ஒரு பணிப்பெண் நின்றாள். இளம்பெண். எங்கள் அறைக் கதவு திறந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிடும். அது கிறீச்சிடவில்லை.

அவள் உடுத்தியிருந்தது வெளிர்பச்சை யூனிஃபார்ம். எங்களுடையது நீலம். துவைக்கப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். எத்தனை சமாதானம் சொல்லிக்கொள்கிறது பாருங்கள் மனசு!

"நர்ஸ் இல்லம்மா. நாளைக்கு வா."

"நேத்தும் அப்படித்தான் சொன்னாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

இடது கையை நீட்டி மேஜைமேல் வைத்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு வட்டம்.

சிவப்பு வட்டம்.

ஃபேன் காற்றில் காகிதங்கள் படபடத்தன. அவள் நெற்றியில் விழுந்த முடி மட்டும் அசையவில்லை...

அவள் இருமினாள். வாய் அசைந்தது எனக்கு எதிரே.

சத்தம் வந்தது... எனக்குப் பின்னால்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் கை மேஜையிலேயே கிடந்தது. நாளைக்கு வா, நாளைக்கு வா என்று எல்லோரும் துரத்திவிட்ட கை. எனக்குப் பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. மேனேஜர்மேல், நர்ஸின் லீவுமேல், என் பேனாமேல், எல்லாவற்றின்மேலும் கோபம்.

"கொடுடி கையை" என்றேன்.

தொட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்த மாவு போலிருந்தது.

நடுவில் கட்டியாகத் தடிப்பு. ஸ்கேலை வைத்தேன்.

"பதினேழு மில்லிமீட்டர். உன் பேரு என்ன? எழுதணும்."

அவள் என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்...

கதவு கிறீச்சிட்டது.

அவள் இல்லை.

பேனாவைத் திறந்தேன். ஒவ்வொரு ஃபைலிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'கை பார்க்கவில்லை.' என் ஃபைலிலும்தான்.

திங்கட்கிழமை காலை அதைப் பார்த்த மேனேஜர் முகம் கறுத்தது. "மாமியாரைக் கூட்டிட்டுக் கிளம்புங்க" என்று பல்லைக் கடித்தார்.

"சரி சார். அதை ஆய்வாளர் முன்னாடி சத்தமா ஒரு தடவை சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் அம்மா ஃபைல்களைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், நர்ஸை வரவழைத்தார். அவர் கண்ணெதிரிலேயே எல்லோருக்கும் கை பார்த்தார்கள். சமையல்காரர், பணிப்பெண்கள், வாட்ச்மேன்... ஒருவருக்கும் தடிப்பு இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியில் நான். சட்டைக் கையை மடித்தேன்.

நர்ஸ் ஸ்கேலை வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"பதினேழு..." என்றார். பிறகு மெதுவாக, "இது யாரு போட்டது? நான் சிவப்புப் பேனாவே வெச்சுக்கறதில்லையே" என்றார்.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் புகை மாதிரி ஒரு திட்டு. நான் தூசி என்று நினைத்த இருமல். பார்க்காமல் எழுதியிருந்தால், அதே இருமலோடு அன்று சாயங்காலமும் அத்தையின் முகத்தருகே குனிந்திருப்பேன். அத்தையையும் உடனே சோதித்தார்கள். நல்லவேளை, பரவவில்லை. படுக்கையும் போகவில்லை. மேனேஜர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

பச்சை யூனிஃபார்ம் பற்றி வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி இருந்த பொண்ணு போனப்புறம் நிறத்தையே மாத்திட்டாங்க. ஊசி போட்டாங்க, கை பார்க்க யாரும் வரல. எல்லார்கிட்டயும் கையை நீட்டிட்டே அலைஞ்சுது. இருமி இருமியே போயிடுச்சு, பாவம். கையில சிவப்பு வட்டம் அப்படியே இருந்துச்சு."

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகுதான் அத்தையைப் பார்க்கப் போனேன். நடந்ததைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிட்டதில்லை. என்னைக் கண்டதும் வழக்கம்போல் முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பச்சை டிரஸ் பொண்ணு ஏன் இப்ப வர்றதே இல்ல?"

"எந்தப் பொண்ணு அத்தை?"

"ரெண்டு மாசமா வந்துட்டு இருந்தாளே. 'உங்க மருமகளுக்குக் கை பார்த்தாச்சா'ன்னு தினம் கேப்பா. நீ வர்ற நேரம் பார்த்து அந்த வாசல்ல குறுக்கே கையை விரிச்சு நிப்பா."

அத்தை கதவைக் காட்டினார்.

"நீதான் ஒரு நாளும் நிக்கல. அவளுக்குள்ளயே நடந்து வருவே."