பெண் பார்க்க வந்த மேடம்

அந்த மழைக்காலம் முழுக்க, ஏரவாடாவில் எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது. நானும் இவரும் இரண்டே பேர்தான். ஆனால் உலை வைக்கும்போது கை தானாக நாலு பேருக்கு அளந்து போட்டுவிடும். இவர் காலையில் பழைய சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஏம்மே, ஏரவாடா பூராவுக்கும் நீதான் ஆக்கிப் போடறியா?" என்பார். நான் பானையைக் கழுவப் போய்விடுவேன். பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகை வரும். அழுவது எனக்குப் பிடிக்காது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குத் துணை நிற்கிற ஓர் அமைப்பில், வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருகிறவள் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் தமிழ், இந்தி, மராட்டி மூன்றிலும் சண்டை போடுவேன். மூன்றிலும் சமாதானம் பேசுவேன். அதைப் பார்த்துத்தான் அவர்களே வந்து என்னைக் கூப்பிட்டார்கள். நானாகப் போய்க் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துச் சந்துகளில் என்னை எல்லோரும் மாவ்ஷி என்பார்கள். சித்தி, பெரியம்மா என்பதற்கு இந்த மராட்டி ஊரில் அதுதான் சொல்.

சோறு மிஞ்சியதற்குக் காரணம் இரண்டு பெண் குழந்தைகள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருத்தியின் பிள்ளைகள். அவளுக்குக் காசநோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புருஷன் என்று இருந்தவன் குடித்துக் குடித்து ஒருநாள் வீட்டுக்கு வராமலே போய்விட்டான். குழந்தைகளை ஹோமில் விடுவதைத் தவிர வழியில்லை. கூட்டிக்கொண்டு போனது நான். அது என் வேலை. பெரியவள் இரும்புக் கேட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். சின்னவள் என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். திரும்பி வரும் வழியில் கீரை வாங்கினேன், பேரம்கூடப் பேசினேன். அன்று ராத்திரிதான் முதல்முதலாகச் சோறு மிஞ்சியது.

சனிக்கிழமைகளில் அமைப்பில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, மனதில் உள்ளதைப் பேசச் சொல்வார்கள். அதற்கென்று ஊரின் மறுகோடியில் இருக்கிற ஔந்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். நல்ல மனுஷி. "உடம்பில் எங்கே கனமாக இருக்கிறது, சொல்லுங்கள்" என்பார். என் முறை வரும்போது, "முட்டியில்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, அப்புறமும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சீலிங் ஃபேனைப் பார்ப்பேன்.

குளிர் வருகிற சமயத்தில் அந்தப் பிள்ளைகளின் அம்மா தேறினாள். மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்கினாள். ஔந்தில் ஒரு பெரிய கட்டடத்தில் படிக்கட்டு கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. எங்கள் சந்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கிற கமிட்டியிலிருந்து ஒரு மேடம் வந்து வீட்டைப் பார்ப்பதென்று ஏற்பாடாயிற்று. மேடத்துக்குத் திருப்தியானால் பிள்ளைகள் வருவார்கள். இல்லையென்றால் வேறு ஜில்லாவில் இருக்கிற ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்ப் பார்க்கவே அவளுக்கு ஒரு நாள் வேலை போகும்.

குழாயடியில் பெண்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "வியாழக்கிழமை மேடம் வராங்க. வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருக்கணும். நீங்களும் பாத்துக்கோங்க."

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும், அவரவர் வீட்டிலிருக்கிற நல்ல சாமானைக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்துவிடுவார்கள். நாற்காலி ஒரு வீடு, கண்ணாடித் தம்ளர் ஒரு வீடு, ஜன்னல் திரை ஒரு வீடு. மாப்பிள்ளை வீட்டார் போனதும் எல்லாம் திரும்பிவிடும். இந்தப் பெண்களுக்கு, ஒரு வீட்டை வெளியாள் வந்து பார்ப்பது என்றால் அது ஒன்றுதான் தெரியும். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மேடத்தை ரோட்டிலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். வழி முழுக்க அவர் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். "அந்த ஆள் திரும்பி வந்துவிட்டானா? வீட்டில் குடி உண்டா?" இல்லை என்று அடித்துச் சொன்னேன். மராட்டியில் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

சந்து முனையில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. வாசலில் படிக்கோலம். பெண்கள் எல்லாரும் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவி பன்னீர்ச் செம்பை ஆட்டினாள். மேடத்தின் மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது.

உள்ளே போக வழி இல்லை. கதவை ஒட்டி ஒரு பிரிட்ஜ். மேடம் கைப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு சோபா, ஒரு கட்டில், இரண்டு டிவி, அடுக்கி வைத்த மிக்ஸிகள். சுவரில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்கா படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. நடுவில் அந்தப் பெண், யாருடையதோ ஜரிகைப் புடவையில், தட்டில் கேசரியும் பஜ்ஜியும் ஏந்தித் தலையைக் குனிந்து நின்றாள்.

"குந்தும்மா, குந்து," என்று கிழவி மேடத்தைச் சோபாவில் அழுத்தி உட்காரவைத்தாள். "எங்க பொண்ணு ஊட்டு வேலை எல்லாம் நல்லா செய்யும். அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டார்.

"நலம் விசாரிக்கிறார்," என்றேன்.

"பாடச் சொல்லட்டுமா?" என்றாள் கிழவி.

அவள் காலை மிதித்தேன். மேடம் சுற்றிலும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "இவ்வளவு சாமான் இருக்கிறதே, குழந்தைகள் எங்கே படுப்பார்கள்?"

 அந்த அறையில் ஒரு பூனைகூடப் படுக்க முடியாது. மீன் விற்கிற அக்காள்தான் பேச்சை மாற்றினாள். பிரிட்ஜ் அவளுடையது. சந்துக்கே அது ஒன்றுதான். "பிரிட்ஜ் பாருங்க மேடம். இந்தப் பொண்ணு சொந்தமா வாங்கினது. பசங்களுக்குப் பால் வெக்க," என்று அவளுடைய இந்தியில் சொன்னாள்.

மேடம் எழுந்து பிரிட்ஜைத் திறந்தார். மசாலா தடவிய மீன் ஒரு தட்டில் இருந்தது. அதன் பக்கத்தில், பாதி காலியான பிராந்தி பாட்டில் சாய்ந்து படுத்திருந்தது.

 அந்தப் பெண்ணின் கையில் தட்டு சரிந்து, ஒரு பஜ்ஜி உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மேடம் பாட்டிலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். வழியில் நான் அடித்துச் சொன்னதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. சின்னவளின் விரல்கள் என் முந்தானையில் மறுபடி இறுகியது போல இருந்தது.

"பாட்டில் எங்க ஊட்டுது," என்றாள் மீன்கார அக்காள்.

"பிரிட்ஜ் இவளுடையது என்றீர்களே?"

"பிரிட்ஜும் எங்க ஊட்டுது. மீனும் எங்க ஊட்டுது. எங்க ஆளு குடிக்கிறது இந்தச் சந்துக்கே தெரியும், யார வேணா கேளுங்க. இவ மேல போடாதீங்க மேடம்." சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. சாதாரணமாகத் தன் வீட்டு விஷயம் ஒன்றைக்கூட வெளியே விடாதவள் அவள்.

அப்போது வெளியிலிருந்து அவள் புருஷன் குரல் வந்தது. "அட, பிரிட்ஜோடவா தூக்கினு வந்துட்டீங்க? காலைலேந்து நான் பாட்டிலத் தேடினு கீறேன்."

அதையும் மேடத்துக்கு மராட்டியில் சொன்னேன். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. நானாகத்தான் இருக்கும். வாயை முந்தானையால் பொத்தினேன், நிற்கவில்லை. இத்தனை மாதமாக எங்கேயோ அடைத்துக் கிடந்தது அத்தனையும் சிரிப்பாகப் பீறிட்டு வந்தது. விலா வலித்தது. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "யார் யார் சாமானோ, எடுத்துக்கொண்டு போங்கள். மிச்சம் இருப்பதைப் பார்க்கிறேன்."

சந்தே உள்ளே நுழைந்தது. சோபா கதவில் மாட்டிக்கொண்டது. ஒருத்தி மிக்ஸியை இன்னொருத்தி தூக்க, "ஏய், அது என்னுது, மூடி ஒடைஞ்சிருக்கும் பாரு" என்று சத்தம். கிழவி முருகனைக் கழற்றினாள். ஓரடி போனவள் திரும்பி வந்து மாட்டினாள். "அவரு இன்னைக்கு இங்கயே இருக்கட்டும்."

மிஞ்சியது ஒரு ஸ்டவ், கொஞ்சம் பாத்திரம், தண்ணீர் டிரம், சுருட்டி வைத்த ஒரு பாய். பாயின்மேல் பழைய புடவையில் தைத்த இரண்டு சின்னத் தலையணைகள். இத்தனை நேரம் அவை சோபாவுக்கு அடியில் இருந்திருக்கின்றன. மேடம் மறுபடி கேட்டார், குழந்தைகள் எங்கே படுப்பார்கள் என்று.

அந்தப் பெண் ஜரிகைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பாயை விரித்தாள். "செவுத்தோரம் சின்னவ. அவ உருளுவா. நடுவுல நான். கதவுப் பக்கம் பெரியவ…" நிறுத்தினாள். ஒரு தலையணையை எடுத்து நடுவில் வைத்தாள். "இல்ல. பெரியவ நடுவுல. கதவுப் பக்கம் நான்."

நான் மராட்டியில் சொன்னேன். மேடம் அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?"

அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சந்து பூராவும் வாசலில் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. ஒன்றும் புரியவில்லை. மேடம் கையைக் காட்டி அமர்த்தினார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கேசரியை எடுத்துச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பிள்ளைகளை ஹோமிலிருந்து அழைத்து வரவும் நான்தான் போனேன், இந்தத் தடவை அம்மாவும் கூட வந்தாள். பெரியவள் ஓடி வந்து அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். சின்னவள் என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். ரிக்ஷாவிலும் என் பக்கம் வரவில்லை. "இந்த மாவ்ஷி வேணாம்" என்று ஹோமில் பழகிய இந்தியில் முணுமுணுத்தாள். கூட்டிக்கொண்டு போனவள் நான்தானே. என்னிடம் அவள் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பொரி வாங்கி நீட்டினேன். கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு, முகத்தை மறுபடி மறைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

சாயங்காலம் உலை வைத்தேன். யோசிக்காமல்தான் போட்டேன். ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்ததும் இவர் பானையைத் திறந்து பார்த்தார். அடியில் ஒட்டிய பருக்கைகூட இல்லை.

"இன்னாம்மே இது," என்றார். "காலைல நான் இன்னாத்த திங்கறது?"

எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.