ராசப்பனுக்குக் கேட்காத பஸ்ஸர்

முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ராசப்பன் இருபத்தாறு வருஷமாக ஆப்பரேட்டர். எட்டு மெஷின் சேர்ந்து ஓடினாலும் எதில் ஊசி உடைந்தது என்று துணியைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

போன மாதம் ஒரு புது மெஷின் வந்தது. நூல் அறுந்தால் அதில் கீச்சென்று பஸ்ஸர் அடிக்கும். மூன்று தடவை அடித்தும் ராசப்பன் திரும்பவில்லை. "காதைக் காட்டிட்டு வாங்க. சரியில்லீன்னா பேக்கிங்குக்குப் போயிருங்க" என்றார் மேனேஜர் மகுடேஸ்வரன்.

நான் காது பரிசோதனைப் படிப்பில் கடைசி வருஷம். எங்கள் கல்லூரி கிளினிக்கில் என்னிடம்தான் வந்தார்.

"பேக்கிங்குக்கு மட்டும் எழுதிராத கண்ணு. சத்தமில்லாத எடத்துல எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

ஹெட்போனை மாட்டினேன். தாழ்ந்த சுருதிக்குக் கை தூக்கினார். ரொம்ப உயர்ந்த சுருதிக்கும் தூக்கினார். நடுவில் மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸில் மட்டும் கை அசையவே இல்லை. கேட்கும் அளவைக் காட்டும் வரைபடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தப் பள்ளத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே! பாடப் புத்தகத்தில், சிம்பன்சியின் வரைபடத்தில்!

"அண்ணா, சிம்பன்சிக்கும் இப்படித்தானுங்க!"

"ஏங்கண்ணு, என்னையக் கொரங்குங்கறயா?"

"ஐயோ, இல்லீங்க! நமக்குக் கேக்காத உசந்த சத்தமெல்லாம் அதுக்குக் கேக்குமுங்க. இந்த எடத்துல மட்டும் நம்மளவுக்குக் கேக்காது. அதுக்கு அது பொறப்புலயே. உங்களுக்கு மெஷின் இரைச்சலால வந்துதுங்க. பேச்சுலயும் ச, த மாதிரி சில எழுத்து நழுவுமுங்க."

"அந்தக் கொரங்கையச் செவிடுன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

கம்பெனி கொடுத்தனுப்பிய படிவத்தில் இரண்டே கட்டம்: தகுதி, தகுதியில்லை. எதில் டிக் அடிப்பது?

அவரோடேயே கம்பெனிக்குப் போனேன். பஸ்ஸர் சத்தத்தைப் போனில் அளந்தால் மூவாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ்! அளந்துகொண்டிருக்கும்போதே ராசப்பன் ஓடிப்போய் கடைசி மெஷினை நிறுத்தினார். ஊசி உடைந்திருந்தது. எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குதா, கேக்கலயா? ஒண்ணச் சொல்லும்மா" என்றார் மகுடேஸ்வரன்.

"ரெண்டும்தானுங்க."

இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதினேன்: பஸ்ஸரை மாற்றவும்.

"காதுக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னா மெஷினுக்கு மருந்து எழுதறியா?" என்று திட்டிக்கொண்டே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். மறுநாள் நானும் போயிருந்தேன்; தடித்த குரலில் ஒரு ஹாரன் மாட்டினார்கள். பாம்மென்றது. ராசப்பன் சட்டென்று திரும்பினார்.

பேக்கிங்கிலிருந்து தப்பினார். ஆனால் வாசல்வரை என்னோடு வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பத்து வருஷமா எம்பட ஊட்டுக்காரி வாய்க்குள்ளயே பேசறான்னு சத்தம் போட்டுட்டு இருந்தனே கண்ணு... அது அவ வாயில்ல, எங்காதுதானா?"