சத்தமாகச் சொல்லு

என் தங்கை கல்லூரிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் பிளாக்கில் ஆளாளுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளி, ஹாஸ்டல் தயிரை நம்பாதே, சீப்பை யாருக்கும் இரவல் கொடுக்காதே. பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவுக்கு இந்தப் பக்கத்துக் கிராமம்தான். "எதுனா ஒண்ணுன்னா மனசுலயே வச்சிகினு இருக்காதம்மா, உடனே சொல்லிடு" என்றார். எல்லாவற்றுக்கும் தங்கை தலையாட்டினாள். நான் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கத்து.

சொந்த அனுபவத்தில் சொன்னேன். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில்தான் தூங்குவார், நாங்கள் கிசுகிசுவென்றுதான் பேசுவோம். குக்கர் விசில் அடிக்குமே என்று அம்மா அதைத் திரி ஸ்டவ்வோடு கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கீரைக்காரம்மாகூட எங்கள் கேட்டருகே வாயை மூடிக்கொண்டு, இரண்டு வீடு தாண்டித்தான் மறுபடி கூவும். அப்பா பகல் ஷிப்டுக்கு மாறிய வாரங்களிலும் எங்கள் தொண்டை மாறவில்லை. அதன் பலனைக் கல்லூரியில் அனுபவித்தேன். முன் பெஞ்சில் உட்கார்ந்து 'எஸ் மேடம்' சொல்லியும் ஆப்சென்ட். வருகை குறைந்தவர்கள் என்று நோட்டீஸ் போர்டில் போட்டபோது என் பெயரும் இருந்தது. நானோ காய்ச்சலோடுகூட வகுப்புக்குப் போனவள்.

தங்கை என்னைவிட மோசம். இவளை இப்படியே அனுப்பினால் அந்தக் கல்லூரியில் இருக்கிறாளா இல்லையா என்றே யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன். ஒரு சாயங்காலம் டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த முந்திரித் தோப்புக்குச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன்.

"எஸ் மேடம் சொல்லு."

சொன்னாள்.

"பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலடி."

"அப்பா தூங்குறாங்கல்ல" என்றாள்.

வீடு எங்கேயோ இருந்தது. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பையும் தாவணியால் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் சத்தமில்லாமல். அப்புறமும் விடாமல் கூட்டிப்போனேன். ஒரு மைனா எழுந்து பறக்கிற அளவுக்குத் தேறினாள். அதற்கு மேல் ஏறவில்லை.

கிளம்பும் நாள் காலையில் அப்பா நைட் ஷிப்ட் முடித்துப் படுக்காமலே, பஸ் ஏற்றிவிட எங்களோடு மந்தாரக்குப்பம் வரை வந்தார். அம்மா கூடப் போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. இருவரும் பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குத் திடீரென்று பிஸ்கட் ஞாபகம் வந்து ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனார். அவர் போன நேரம் பார்த்துக் கண்டக்டர் விசில் அடித்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அம்மா. அது அவள் மடிக்குள்ளேயே விழுந்தது. நான் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டே கூட ஓடினேன். ஊருக்கெல்லாம் கத்தச் சொல்லிக்கொடுத்த என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அப்பா பொட்டலத்தோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளாமலே பெண் போகப்போகிறாள்.

அப்போதுதான் அது வந்தது.

"வண்டிய நிறுத்துங்க, எங்கப்பா வர்றாங்க."

எங்கள் பஸ் நின்றது. எதிரே வடலூர் போகிற பஸ்ஸும் எதற்கென்று தெரியாமல் நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஜன்னலில் என் தங்கை சிவந்த முகத்தோடு, தன் குரலுக்குத் தானே பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அப்பா மூச்சு வாங்கப் பொட்டலத்தை நீட்டினார். "இது உன் குரலா பாப்பா?"

"ஆமாப்பா" என்றாள். வழக்கம்போல் எங்களுக்கு மட்டும் கேட்டது.

பஸ் மறைந்த பிறகும் அப்பா நகரவில்லை. "இத்தனை வருஷமா இந்தக் குரலைக் கேக்காமலே தூங்கியிருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் படுத்தார். நான் சமையலுக்காக ஸ்டவ்வையும் குக்கரையும் கொல்லைப்பக்கம் தூக்கினேன்.

"உள்ளயே வைம்மா" என்று அறையிலிருந்து சொன்னார்.

உள்ளேயே வைத்தேன். முதல் விசில் வந்தபோது பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.