கொண்டை ஊசி வைத்த பக்கங்கள்

வங்காளத்துக்கு வந்து குடியேறிய தமிழர்கள் நடத்துகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான். சென்னையிலிருந்து பார்சலில் வரும். முதலில் கிடர்பூரில் இருக்கிற என் வீட்டுக்கு வந்துவிடும். நான் எழுத்துக் கூட்டி மெல்லப் படிக்கிறவள், எனக்கு நேரம் வேண்டும் என்று அவர்களாகவே செய்த ஏற்பாடு அது. நான் முடித்ததும் அலிப்பூருக்குப் போகும். அங்கிருந்து காளிகாட் பக்கத்து வீடுகளுக்கு. எல்லாரும் படித்து முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காளிகாட்டில் ஒரு வீட்டில் கூடிப் பேசுவோம்.

அவர்கள் நல்ல மனசோடு செய்த அந்த ஏற்பாடே எனக்கு வினையாகிப் போனது. கூட்டம் நடக்கிற நாளில் மற்றவர்களுக்குக் கதை சூடாக இருக்கும், எனக்கு ஆறிப் போயிருக்கும். புத்தகம் கடைசியாகப் படித்தவர் மடியில் இருக்கும். எந்தப் பக்கத்தில் என் நெஞ்சு அடைத்தது, எந்த வரியில் தனியாகச் சிரித்தேன் என்று ஒன்றும் கைக்கு வராது. பென்சில் கோடு போடக் கூடாது, பக்கத்தை மடிக்கக் கூடாது என்பது வட்டத்தின் சட்டம். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் நினைத்தது போய்விடும். எழுதியதும் நடுங்கி நடுங்கிக் கிடக்கும், மறுநாள் எனக்கே புரியாது.

ஆகவே வருஷக்கணக்காக நான் போவேன், ஓரமாக உட்காருவேன், எல்லாரும் பேசுவதைக் கேட்பேன். "நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்பேன். பிறகு எழுந்து போய்க் காப்பி தம்ளர்களை அலம்புவேன். ஒரு தடவை அப்படி அலம்பிக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ, "பாவம், அவங்க சும்மா பொழுதுபோக வர்றாங்க" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் 'பாவம்' என்கிற சொல் என்னோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாவல் வந்தது. கூடவே வட்டத்தை நடத்துகிற, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா போன் செய்தார்.

"அக்கா, இந்தப் புத்தகத்துக்கு முதல்ல பேச வேண்டிய முறை உங்களோடது. வழக்கம்போல அடுத்தவங்களுக்கு மாத்தி விட்டுடட்டுமா?"

"வேண்டாம். நானே பேசுதேன்."

 "அப்படியா, ரொம்ப சந்தோஷம்க்கா. ரெண்டு வார்த்தை சொன்னாலும் போதும்" என்றார்.

ரெண்டு வார்த்தைதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே. போனை வைத்தேன். சொல்லியாகிவிட்டது. இனி பின்வாங்கினால் ஆயுசுக்கும் தம்ளர்தான்.

கையில் இருந்தது ஒரே சாதனம், என் போன். அதில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். பிடித்த பக்கத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி எடுத்தால் என் தலை நிழல் தாளில் விழுந்தது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் சரியாக வந்தது. ஆனால் படத்தில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது, அதில் எனக்குப் பிடித்த வரி எது? கோடு போடவும் வழியில்லை. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். கறுப்பு ஊசி, வெள்ளைத் தாள், நான் சொல்லும் வரியை அது காட்டிக்கொண்டு கிடந்தது. ஊசியை எடுத்துவிட்டால் புத்தகம் புத்தகமாகவே இருக்கும். சட்டமும் மீறவில்லை.

படம் மட்டும் போதாது, அந்த வரி ஏன் பிடித்தது என்பதும் வேண்டும். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் போனே தமிழில் எழுதிக்கொள்ளும் என்று தெரியும். ஆனால் ஒரு பொருளோடு பேச எனக்குக் கூச்சம். துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், புடவைகளுக்கு நடுவில் நின்று மெல்லச் சொன்னேன். எழுதிக்கொண்டது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை எப்படிச் சொல்வது? என் கை ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்டது. என் வாய் நிற்கவில்லையே.

நாலு நாளில் போன் நிறைந்து போனது. கொண்டை ஊசிப் படங்களும் பேத்தியின் பள்ளி விழாவும் மின்சாரப் பில்லும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் என் எண்ணுக்கு நானே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். படமும் அதற்கடியில் நான் சொன்ன வரியும் ஒரே இடத்தில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

அந்தத் துணிச்சலில் ஒரு காலையில் அவசரமாக ஒன்றை அனுப்பினேன். அது எனக்கு வரவில்லை. எங்கள் குடியிருப்புக் குரூப்புக்குப் போய்விட்டது. தண்ணீர் தொட்டி கழுவுவது, லிஃப்ட் ரிப்பேர், பூஜைச் சந்தா எல்லாம் பேசுகிற குரூப் அது. கொண்டை ஊசி வைத்த பக்கமும், அடியில் என் வாசகமும் அங்கே போய் நின்றன: "இவனும் எங்கள் வீட்டுக்காரரைப் போலத்தான். பதில் சொல்ல முடியாவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான்."

அழிக்கத் தெரியாமல் கண்ட இடத்தையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். அதற்குள் கும்பிடும் கைகளும் பூக்களும் வரிசையாக வர ஆரம்பித்தன. ஒருவர் வாழ்த்து அனுப்பினார். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் வங்காளிகள், தமிழ் எழுத்து ஒருவருக்கும் தெரியாது. ஏதோ சுலோகம் என்று நினைத்துவிட்டார்கள். லிஃப்டில் கீழ் வீட்டு அம்மாள் வங்காள மொழியில் கேட்டாள், "அக்கா, இன்னிக்கு உங்க பக்கம் ஏதாவது விரதமா? அந்த ஊசியை ஏன் மந்திரத்துமேல வைக்கிறீங்க?"

"வீட்டுக்காரருக்காக," என்று சொல்லி வைத்தேன். பொய்யும் இல்லை.

"அவர் நல்லா இருக்கட்டும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தப்பித்தோம் என்று மேலே வந்தேன். கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துறைமுக ஆபீசில் கப்பல் காகிதங்களை முப்பது வருஷத்துக்கு மேல் படித்தவர், கையில் போனோடு.

"யாரு இந்தக் கண்ணாடி தொடைக்கிற ஆளு?"

"நாவல்ல வர்ற ஒருத்தன்."

"எங்க வீட்டுக்காரர்னு போட்டிருக்கு. உனக்கு எத்தனை வீட்டுக்காரர்?"

"ஒருத்தர்தான்," என்றேன். அவர் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே இறக்கிக்கொண்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, அவன்ட்ட அவ என்ன கேட்டா?"

கதையைச் சொன்னேன். முதல் பிரசவம் முடிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊரிலிருந்து தனியாக வந்து இறங்குகிறாள். ரயிலடிக்குப் புருஷன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். அவன் கண்ணாடியைத் துடைக்கிறான். அவ்வளவுதான்.

 "பதில் தெரியாமத் தொடைக்கல. பதில் தெரிஞ்சதாலதான் தொடைக்கான்," என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னதையும் படத்துக்கு அடியில் சொல்லி வைத்துக்கொண்டேன். மொட்டை மாடிக்குப் போகவில்லை, கூடத்திலேயே நின்று சொன்னேன்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஒவ்வொரு குறிப்பையும் பக்க எண்ணில் ஆரம்பித்திருந்தேன். படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைப்பு. ஆனால் கூட்டத்தில் எவரும் பக்க எண்ணைச் சொல்லிக் கேட்டதில்லையே. அவளுக்கு எங்கே கோபம் வந்தது, மாமியார் எப்போது மாறினாள் என்றுதான் கேட்பார்கள். அதனால் கேட்கப்போகிற சொல்லிலிருந்து ஆரம்பித்துத் திரும்பச் சொன்னேன். கோபம். மாமியார். ரயிலடி. கண்ணாடி. மேலே தேடுகிற கட்டத்தில் ஒரு சொல்லைப் போட்டால், அந்தச் சொல் இருக்கிற குறிப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

'கண்ணாடி' என்று போட்டுப் பார்த்தேன். மூன்று வந்தன. இளம் வயதில் ஒரு தடவை, பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை, வயதான பின் ஒரு தடவை. மூன்று தடவையும் அவள் கேட்பது அதே ரயிலடிக் கேள்வி. மூன்று தடவையும் அவன் துடைக்கிறான். நாவலில் இவை ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் கிடக்கின்றன. என் போனில் அடுத்தடுத்து நின்றன. அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்றாம் தடவை அவன் துடைப்பது தன் கண்ணாடியை இல்லை. அவளுடையதை.

புத்தகத்தை அலிப்பூருக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அனுப்பும்போது மனசு பதறவில்லை. எனக்கு வேண்டியது என்னிடம் இருந்தது.

கூட்டத்து நாள் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். 'கண்ணாடி' என்று தேடி, முதல் படத்தைப் பெரிதாக்கி, ஊசி காட்டிய வரியை வாசித்தேன். பிறகு இரண்டாவது. மூன்றாவதை வாசித்துவிட்டு, "இது அவளோட கண்ணாடி. அவன் அவளுக்குச் சொன்ன பதில் இதுதான்னு எனக்குப் படுது" என்றேன்.

 'நல்லா சொன்னீங்கக்கா' என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மாமி ஒருவர், புத்தகத்தை மடியில் வைத்திருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"அதெப்படிச் சொல்றேள்? நான் ஒத்துக்கவே மாட்டேன்."

இதுவரை அந்த வீட்டில் என்னை யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுக்க நான் எதையும் சொன்னதும் இல்லை.

"காலம் பூரா கேட்டுண்டிருக்கா அவ. வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லலை. கண்ணாடியைத் தொடைச்சுக் குடுத்தா சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சுன்னு நான் சொல்லல மாமி. பதில் சொன்னான்னுதான் சொன்னேன். அது போதுமா போதாதாங்கறது அவ பாடு."

"போதாது. அவளுக்குப் போதலை."

"அப்ப அடுத்த வரியில அந்தக் கண்ணாடியை ஏன் வாங்கிப் போட்டுக்கிறா?" 'போட்டுக்கொண்டாள்' என்று தேடி வாசித்தேன்.

"பார்வை தெரியணுமோல்லியோ, அதுக்காகப் போட்டுண்டா," என்றார் மாமி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல பதில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் விடவில்லை. பாங்க் அம்மா என் பக்கம் பேசினார், அலிப்பூர்க்காரர் மாமி பக்கம். அன்றைக்குத் தம்ளர்களை யார் அலம்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மாமி மெட்ரோவில் போகிறவர். அன்றைக்கு என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தார், வழி நெடுக வாதாடிக்கொண்டே. கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் நின்று, "சொல்லாத வார்த்தைக்கு நீங்க வக்காலத்து வாங்கறேள்" என்றார். கிடர்பூர் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது. அடுத்ததில் நான் ஏறும்போது, "அடுத்த புஸ்தகம் வரட்டும், பாத்துக்கறேன் உங்களை" என்று கையை ஆட்டினார்.

உட்கார இடம் கிடைத்தது. மாமி சொன்ன வக்காலத்து விஷயம் மறந்துபோவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று போனை எடுத்தேன். நெரிசலான பஸ், பக்கத்தில் ஒருவர் காய்கறிப் பையோடு, எதிரே இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு. மைக்கைத் தொட்டு, "கண்ணாடி. மாமி சொல்வது" என்று ஆரம்பித்து, சத்தமாக, முழுசாகச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற நேரத்தில் கண்டக்டர் என் காதருகே கிடர்பூர், கிடர்பூர் என்று கூவினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாமியின் வாதத்துக்குக் கடைசியில் அதுவும் எழுதப்பட்டிருந்தது.

அழிக்க இப்போது எனக்குத் தெரியும். அதை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.