ஐந்து மணிக்குப் பிறகும் இருந்த தனா மிஸி

செவ்வாய்க்கிழமை காலை, கவுண்டரில் எண் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பாகான் டாலாமிலிருந்து தனா மிஸியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் எங்கே கிளம்பினார் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் அழுதார். அன்று யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் சின்ன கிளினிக்குக்கு வந்துபோன உங்களில் பலருக்கு, அவருடைய முழுப்பெயர் தனலெட்சுமி என்பதே இரங்கல் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். வெட்டுக்காயம், சூடுபட்ட கை, சுளுக்கிய கால் என்று வருகிறவர்களுக்குக் கட்டுப் போடும் அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற நர்ஸ். துணிச்சலான பெண் என்று இறுதிச் சடங்கில் பலர் சொன்னார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அவர் ரொம்பப் பயந்தவர். தையல் ஊசியை எண்ணுவார், கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் எண்ணுவார். "பயம் இல்லாதவங்க இந்த ரூம்ல நிக்கக் கூடாது, கலா" என்பார்.

கிளினிக் அப்போதெல்லாம் ஐந்து மணிக்கு மூடும். சனி, ஞாயிறு விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து தாண்டிச் சில நிமிடங்கள் இருக்கும், நான் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். மாணிக்கம் அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார். நாசி கண்டார் சோற்றுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர். உடைந்த கண்ணாடிக் குவளை கையைக் கிழித்திருந்தது, துணி சுற்றியிருந்தார்.

"மூடியாச்சு அண்ணே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அங்க போனா பாதி ராத்திரி ஆயிரும்லா. ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட்."

"அப்ப திங்கக்கிழமை காலையில வாங்க."

ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். பின்கதவு வழியாகப் போகிற தனா மிஸி அப்போதும் உள்ளே கருவிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாணிக்கம் அண்ணன் திங்கட்கிழமை வந்தார். துணியை அவிழ்த்ததும் மிஸி என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். சுட்டுவிரல் கறுத்துப் புறங்கை வரை வீங்கியிருந்தது. பெரிய மருத்துவமனையில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பிறகு கட்டு மாற்ற அவர் எங்களிடமே வந்தார். ஒவ்வொரு முறையும் கவுண்டரில் என்னைப் பார்ப்பார். யாரிடமாவது சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அவர் வருகிற நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கிளினிக் இரவு எட்டு வரை திறந்திருக்க வேண்டும் என்று மிஸி மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தது அதன் பிறகுதான். விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார், "அன்னிக்கு அந்த ஆளைத் திருப்பி அனுப்பினது யாரு?" மிஸி சொன்னார்: "அஞ்சு மணின்னு போர்டு இருக்கு சார். அந்தப் போர்டுதான் அனுப்பிச்சு. அதை மாத்துங்க." அதிகாரி மேலும் கேட்கவில்லை. ஆறு மாதம் சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதி வந்தது. மாலையில் டாக்டர் இருக்க மாட்டார், தொலைபேசியில்தான் கிடைப்பார். மிஸியும் கவுண்டருக்கு ஒருவரும் மட்டும். கவுண்டருக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்.

முதல் வாரம் யாருமே வரவில்லை. அவர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். "எனக்குப் பயமா இருக்கு. பெரிசா ஏதாவது வந்தா ரெண்டு பேரும் என்ன பண்ணுவோம்?" என்பார். நீங்கள்தானே கேட்டு வாங்கினீர்கள் என்று என் நாக்கு வரை வந்தது.

ஒரு மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு சீனப் பெரியவர் வந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்திருந்தது. மிஸி மருந்து வைத்துக் கட்டினார். பெரியவர் எழுந்து, தன் ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். கையில் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். மிஸியின் முகம் மாறிவிட்டது. "உட்காருங்க அங்கிள்" என்று மலாயில் சொல்லி வழியை மறித்து நின்றார். பெரியவர் கோபத்தில் ஹெல்மெட்டை மேசையில் போட்டார். மிஸி டாக்டரை அழைத்தார், ஆம்புலன்ஸை அழைத்தார். வண்டி வருவதற்குள் பெரியவர் வாந்தி எடுத்துச் சரிந்தார்.

மண்டைக்குள் ரத்தக் கசிவு. இரண்டு நாள் கழித்துத்தான் பிழைத்துக்கொள்வார் என்ற செய்தி வந்தது. அந்த இரண்டு நாளும் மிஸி ஒரே பேச்சுதான் பேசினார். "வந்த உடனே தலையைப் பார்த்திருக்கணும். கையைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டேன்." அவர் அப்படித் தவிப்பதைப் பார்த்தபோது என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மாணிக்கம் அண்ணனைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். அவரே சொன்னாரு, முதல் நாளே."

"அப்ப ஏன்க்கா என்னையே சாயங்காலத்துக்குக் கேட்டீங்க?"

"வேற யாரா இருந்தாலும் ஏழரைக்கே ஷட்டர இழுத்துருவாங்க. நீ இழுக்க மாட்ட." அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு பிளாஸ்டர் எடுக்கப் போனார். நான் இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன். மாணிக்கம் அண்ணன் இதைப் படித்தால், என்னை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதும் அவர் விடுப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டார். தான் இல்லாவிட்டால் மாலை நேரத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற கவலை. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். யார் மாலைக்கு நிற்கிறார்கள், மருந்து வந்ததா என்று கேட்டார். நானும் அதையே பேசிவிட்டு வந்தேன். சோதனைக் காலம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருக்கும் மிஸி, தன்னால் தொடர முடியாது என்று சொல்லிவிட்டார். என்ன முடிவு வரும் என்று தெரியவில்லை. தபால் வருகிற நேரமெல்லாம் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

கட்டுப் போட்டு அனுப்பும் ஒவ்வொருவரிடமும் தனா மிஸி ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டுக்குப் போனா கூட யாரு இருக்கா?" யாருமில்லை என்றால் தொலைபேசி எண்ணை வாங்கி மறுநாள் கூப்பிடுவார். மிஸியும் வீட்டில் தனியாக இருந்தவர். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கஞ்சி கொண்டுபோன தம்பிதான் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். மருத்துவமனையில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த நான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை.

இப்போது கவுண்டரில் நான் கேட்கிறேன். அது என் வேலை இல்லை, சிலர் முறைக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் கால் சுளுக்கி வந்த ஒரு பெண், யாருமில்லை என்றாள். இதை எழுதி முடித்ததும் அவளைக் கூப்பிட வேண்டும்.